ஒல்லி நாய் வாங்கப் போகிறீர்களா?

"அக்கா, அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 2 வயது. மான்குட்டி மாதிரி ஒல்லியாக ஒரு நாய் வேண்டும் என்று பையன் ஒரே அடம். எதை வாங்கலாம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஆனால் இந்த வகை நாயோடு 11 வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு ஒரு கன்னி நாய்க்குட்டியையும் அப்பா கொடுத்தனுப்பினார். கருகருவென்று இருந்ததால் 'கருப்பி' என்று பெயர் வைத்தோம்.

இந்த நாய்கள் மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. நம் ஊர்க் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் இந்த வகைதான். சுமார் 2 அடி உயரம் வரும். ஓட இடம் வேண்டும். சின்னதாக வேண்டுமென்றால் வெளிநாட்டு ஜாதிகள் இரண்டு உண்டு. இங்கிலாந்தின் விப்பெட் 44 முதல் 51 சென்டிமீட்டர் உயரம். இத்தாலியன் கிரேஹவுண்ட் இன்னும் பொடிசு. 32 முதல் 38 சென்டிமீட்டர், எடை 5 கிலோவுக்குள்.

"அப்படியானால் பொடிசே போதுமே!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதன் முன்னங்கால் எலும்பு குச்சி மாதிரி. சோபாவிலிருந்து குதித்தாலே முறியக்கூடும். 2 வயதுக் குழந்தை ஆசையாய்த் தூக்கிக் கீழே போட்டால் என்ன ஆகும்? பல்லும் சீக்கிரம் கெடும். தினமும் தேய்த்துவிட வேண்டும்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் கருப்பியைச் சாதாரணக் கழுத்துப் பட்டையோடு பால் வாங்கக் கூட்டிப் போனேன். குறுக்கே ஒரு பூனை ஓடியது. கருப்பி பின்னால் ஒரு இழு இழுத்தாள். பட்டை என் கையில், அவள் நடுரோட்டில். ஆட்டோ மோதி முன்னங்கால் முறிந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் கடைசி வரை நொண்டித்தான் நடந்தாள். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

இந்த வகை நாய்க்குத் தலை குறுகல், கழுத்து நீளம். சாதாரணப் பட்டை சுலபமாகக் கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகுகிற அகலமான பட்டையாக வாங்குங்கள். வெளியே ஒருபோதும் அவிழ்த்து விடாதீர்கள். துரத்த ஆரம்பித்துவிட்டால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதிலேயே விழாது.

இன்னும் சில குறிப்புகள்:

* விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் இதற்கு அழகு. "சோறு போடறதில்லையா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாலும் கூடுதலாக ஊட்டாதீர்கள்.

* உடம்பில் கொழுப்புக் கம்மி. வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் புண் வரும். பழைய மெத்தை ஒன்று போடுங்கள்.

* சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது.

* ஆபரேஷன் என்றால், இது எந்த ஜாதி என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இதற்குச் சீக்கிரம் தெளியாது.

* 8 வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். தாயை நேரில் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

சகோதரிக்கு என் பதில் இதுதான். சின்னவளுக்கு 5 வயதாகட்டும். அதுவரை பையனைச் சமாதானப்படுத்துங்கள். பிறகு அடுக்குமாடிக்கு விப்பெட் பொருந்தும். ஆசை தீர ஓடிவிட்டு வந்தால் மீதி நேரமெல்லாம் தூங்கும். காம்பவுண்டு போட்ட சொந்த வீடாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நம் கன்னியையே வாங்குங்கள். எதுவானாலும் குழந்தையையும் நாயையும் தனியே விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

நாய் வாங்க ஒரு நாள் ஆசை போதும். வளர்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷப் பொறுமை வேண்டும், அம்மா!