வாட்டு சுத்தம் மட்டும் போதுமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெண்கள் கூடி, பிள்ளைப்பேற்றுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பேசினால் என்ன சொல்வோம்? வாட்டு பளிச்சென்று இருக்கிறது, மிஸ்ஸிமார் முகம் சுளிக்காமல் பேசுகிறார்கள் என்போம். அதுவும் தேவைதான். பொரளை காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானியரின் ‘ஐந்து எஸ்’ முறையைக் கையிலெடுத்தது. வேண்டாததைக் களைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் வைத்து, நல்ல பெயர் எடுத்தது. ஆபிரிக்க நாட்டவர்கூட வந்து பார்த்துப் போனார்கள்.

ஆனால் தரை மினுங்குவது வேறு, தாய் சுகமாக வீடு திரும்புவது வேறு. சிகிச்சை திருந்தியதா என்று அறிய, ஒரே விடயத்தை ஒரே விதமாக ஆண்டுதோறும் எண்ண வேண்டும். சிசேரியன் செய்த எத்தனை பேருக்குக் காயத்தில் கிருமி தொற்றியது? எத்தனை தாய்மார் மௌத்தானார்கள்? அதிலும் அவசரத் தீர்ப்புக் கூடாது. சிக்கலான பிரசவங்கள் பல இடங்களிலிருந்தும் காசல் வீதிக்கும் டி சொய்சாவுக்கும் அனுப்பப்படுகின்றன. அங்கே மரணம் கூடுதலாகத் தெரிந்தால் ஆஸ்பத்திரி மோசம் என்றாகிவிடாது.

1930களில் நம் நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது ஏறக்குறைய 30 முதல் 40. பெரிய மாற்றம், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்தப் பத்தாண்டில் எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கத் தயங்கியதையும் கவனியுங்கள். எண்ணியதால்தான் அதுவும் தெரிந்தது.

1980கள் முதல் இத்தகைய மரணங்கள் ஆஸ்பத்திரியிலும், பின்னர் தேசிய மட்டத்திலும் ஆராயப்படுகின்றன. குற்றவாளியைப் பிடிப்பதற்கல்ல, எங்கே தாமதம் நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்கு. அதற்காக மருத்துவிச்சியும் சுகாதார வைத்திய அதிகாரியும் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். நம்மவரில் சிலர், “அல்லாஹ்வின் நாட்டம், இனிக் கேட்டு என்ன?” என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். (டொக்டரோடு சண்டைக்குப் போகும் மச்சான்மாரும் அப்போது வாய் திறப்பதில்லை!) கத்ரை நம்புவது சாட்சியத்தை மறைப்பதற்குக் காரணமாகுமா? சாட்சியத்தை மறைக்காதே என்பதும் நம் மார்க்கம்தானே.

எத்தனை மணிக்கு வலி கண்டது, வாகனம் எப்போது கிடைத்தது, கையொப்பமிட வாப்பாவுக்காகவோ மாப்பிள்ளைக்காகவோ எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், வாட்டில் முதலில் யார் வந்து பார்த்தார்கள் என்பதையெல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். மௌத்தான பிள்ளையின் கிளினிக் அட்டையையும் எறிந்துவிடாமல் எடுத்துக் காட்டுங்கள்.