ஏடும் குரலும்

சென்ற கிழமை கடல் கடந்து வந்த சிறு பொதியொன்று எமது கைக்குக் கிட்டியது. பிரித்து நோக்கினால், 24 பக்கங்கொண்ட படக்கதைப் புத்தகம் ஒன்று. அதன் அட்டையுறையினுள்ளே 7 அங்குல இசைத்தட்டு ஒன்று. தட்டின் விலையினும் தபாற்கூலி இருமடங்கு. இல்லத்தரசியார் அதனைக் கணக்கிட்டு எம்மை ஒருமுறை நோக்கினாரேயன்றி, வாய்திறந்து ஒன்றும் கூறினாரல்லர்.

ஆங்கில எழுத்தாளர் ரோல்கீன் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹொபிற்’ என்னும் மாயக்கதை 1977 இல் தொலைக்காட்சிச் சித்திரப்படமாயிற்று. அதனைச் சிறுவர்க்கெனச் சுருக்கி, டிஸ்னிலாந்து இசைத்தட்டு நிறுவனத்தார் வெளியிட்ட பதிப்பே எமக்குக் கிட்டியது. 1956 இல் தோன்றிய அந்நிறுவனம், 1960களின் நடுவிலிருந்து இத்தகைய சிறு தட்டுகளையும் புத்தகங்களையும் இணைத்து விற்றது. தட்டிலுள்ள குரல் கதையை வாசிக்கும். சிறு மணியோசை கேட்டதும் குழந்தை பக்கத்தைப் புரட்டல் வேண்டும். எழுத்தறியாப் பிள்ளையும் செவியின் துணைகொண்டு ஏட்டைத் தொடரலாம். பிற்காலத்தில் இவை ஒலிநாடாவாகவும் வந்தன.

நாற்பதைக் கடந்த ஆசிரியருக்கு இவ்விளையாட்டு ஏன் என்று நேயர்கள் வினவலாம். 1990 ஆம் ஆண்டின் நடுவிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கிலே பாடம் படித்த காலம் அது. வெளிநாட்டிலிருந்த எமது சிறிய தந்தையார் அதற்கு முன்னரே அனுப்பிய கதைப் புத்தகம் ஒன்றும் ஒலிநாடாவும் வீட்டில் இருந்தன. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை ஒலிப்பெட்டியோடு தொடுத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, ஏனையோர் புத்தகத்தைச் சூழ்ந்திருப்போம். சுழற்றுபவர் களைத்தால் கதையிலுள்ள அரக்கனும் களைப்பான். இளவரசியின் குரல் கிழவியின் குரலாகிவிடும். “நிப்பாட்டாமல் சுத்தடா மோனை, கதைக்கு மூச்சு வாங்குது!” என்று அப்பாச்சி கூவுவார்.

அப்பாச்சி ஆங்கிலம் அறியார். எனினும், மணியோசை கேட்டதும் “திருப்பு” என்று முந்திக் கூறுபவர் அவரே. நாடா ஓய்ந்தபின் அதே படங்களைக் காட்டித் தாமே வேறொரு கதை கட்டுவார். சூரபன்மன் மாமரமாய் நின்ற வரலாறு எவ்வாறோ அதனுட் புகுந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நாமும் சென்றோம். மறு ஆண்டு மீண்டு வந்து பார்த்தால், புத்தகமும் இல்லை, நாடாவும் இல்லை. அன்று இழந்ததைத் தேடியே இன்று இணையத்திற் பழம்பொருள் விற்பாரை நாடுகின்றோம்.

இவ்வழியில் இறங்க விரும்புவார்க்குச் சில சொல்வோம். புத்தகமும் தட்டும் ஒன்றற்கொன்று உரியனவா என்று இரண்டிலுமுள்ள இலக்கத்தை ஒப்பிடுக. பக்கங்கள் குறைவின்றி உள்ளனவா, தட்டு வளைந்துள்ளதா எனப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்க. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் இத்தட்டுகளைப் பாட்டனார் காலத்துச் சாவிப் பெட்டியில் இட்டு இருப்பூசி கொண்டு இயக்கினால், வரிப்பள்ளம் அறுந்து குரல் அழிந்துவிடும். 78 சுற்றுப் பழந்தட்டுகள் அரக்கினால் ஆனவை. அவற்றை மதுசாரங் கலந்த நீர்மங்களாற் துடைத்தல் ஆகாது. எத்தட்டாயினும் வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

கடைச்சரக்குப் பல பிரதிகளாகப் பெருகிய பொருளாதலால், தேடுவார்க்கு மீண்டும் கிட்டுகின்றது. வீட்டுச் சரக்கின் நிலை அன்று. அக்காலத்தில் ஒலிநாடாவே கடிதமாகவும் பயன்பட்டது. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கென அப்பாச்சி தம் கதைகளைச் சொல்லி ஒரு நாடாவை நிரப்பி, கொழும்புக்குச் சென்றவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அது பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது. பின்னர் அதன்மேல் யாரோ சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டனர் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தோம். அதற்குப் பிரதி இல்லை. எவ்விலை கொடுப்பினும் வாங்கற்கில்லை.

ஏட்டையும் குரலையும் இணைத்தல் மேல்நாட்டார் கண்ட புதுமை என்று எண்ணற்க. எமது கோயில்களில் நிகழும் கந்தபுராண படனத்தை நோக்குக. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் கச்சியப்பரின் காவியத்தை மனத்திற் பதித்தனர். ஏடு மட்டும் இருந்திருப்பின் அது பண்டிதர் வீட்டுப் பெட்டியிலே உறங்கியிருக்கும்.

1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பதை நாம் மறந்திலோம். நெருப்பின்றியே நாள்தோறும் அழியும் குரல்களை எவரும் எண்ணுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிற் காத்துவருகின்றது; அதன் பல்லூடகப் பகுதியான ‘ஆவணகம்’ ஒலிப்பதிவுகளையும் சேர்க்கின்றது. பொதுக்காரியம் அவ்வாறு நடைபெற, வீட்டுக்காரியத்தை நாமே செய்தல் வேண்டும்.

இன்று ஞாயிறு. மாலையில் கைத்தொலைபேசியைப் பாடலுக்கன்றிப் பதிவுக்கு எடுங்கள். வீட்டுப் பெரியவர் அருகே அமர்ந்து, “அந்தக் கதையை ஒருக்கால் சொல்லுங்கோ ஆச்சி” என்று கேளுங்கள். இருமலும் இடைநிறுத்தமும் வந்தால் வரட்டும், அவற்றை வெட்டாதீர்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து, இரண்டு இடங்களிற் பிரதி வையுங்கள். அதன்மேல் வேறொன்றையும் பதியாதிருக்குமாறு பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.