மேல்நாட்டில் பலித்த குளிர் வைத்தியம் இங்கே பலிக்காதது ஏன்?

பிறந்த குழந்தை வீல் என்று அழ வேண்டும். அழாவிட்டால் பிரசவ அறையே பதறிப் போகும். தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டியது அந்தக் காலம். இப்போது மூக்கிலும் வாயிலும் முகமூடி வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் அதிலேயே சுதாரித்து விடும்.

சில குழந்தைகள் சுதாரிப்பதில்லை. உடம்பு துவண்டு கிடக்கும். பால் குடிக்காது. வலிப்பு வரும். பிரசவ நேரத்தில் மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்து போனதால் வருகிற வினை இது. பிழைத்தாலும் கை கால் விளங்காமல் போகலாம்.

இந்தக் குழந்தைகளுக்கு மேல்நாட்டு டாக்டர்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். குழந்தையைக் குளிர வைப்பது!

நம்ம ஊர்ப் பாட்டிமார் கேட்டால் அடிக்க வருவார்கள். "பச்சப்புள்ள உடம்பு சில்லிட்டுப் போனா தங்குமா?" என்பார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. சாதாரணக் குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, குளிர் எமன்தான்.

ஆனால் இது வேறு கணக்கு. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை செல்கள் அத்தனையும் உடனே சாவதில்லை. பிரசவத்தின்போது ஒரு அடி. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அடி. நடுவில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை 33, 34 டிகிரி செல்சியசுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்தால் இரண்டாவது அடியின் வேகம் தணியும்.

2005-ம் ஆண்டு முதல் பெரிய ஆராய்ச்சிகள் வரிசையாக வந்தன. 2013-ல் 11 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 1,505 குழந்தைகள். குளிர வைத்தால் 7 குழந்தைக்கு ஒன்று சாவிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று தெரிந்தது. அதற்கு முன்பே, 2010-ல், இங்கிலாந்தில் இது அங்கீகாரம் பெற்று விட்டது.

இந்தியாவிலும் பல ஆஸ்பத்திரிகள் இதைத் தொடங்கின. வெளிநாட்டு மெஷின் விலை கட்டுப்படியாகாத இடத்தில் ஐஸ் பை, ஜெல் பை வைத்தார்கள். மெழுகு மாதிரி உருகிச் சூட்டை இழுக்கும் மெத்தையும் வந்தது.

இங்கே பலிக்குமா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

எழும்பூரில் சோதனை

பார்த்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி பேராசிரியர் சுதின் தய்யில் தலைமையில் 'ஹெலிக்ஸ்' என்ற ஆராய்ச்சி 2015-ல் ஆரம்பமானது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய 3 நாடுகளில் 7 பெரிய ஆஸ்பத்திரிகள். சென்னை எழும்பூரில் தாய்-சேய் ஆஸ்பத்திரி, குழந்தைகள் ஆஸ்பத்திரி இரண்டும் அதில் உண்டு.

பெற்றோர் சம்மதத்துடன் 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டன. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து 202 குழந்தைகளைக் குளிர வைத்தார்கள். 206 குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. குளிர வைத்தது ஐஸ் பையில் அல்ல. சூட்டைத் தானாகவே அளந்து கட்டுப்படுத்தும் மெஷினில். ஆகவே, 'சாமான் சரியில்லை' என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

2021 ஆகஸ்டில் முடிவு வெளியானது. டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். சாவு அல்லது ஊனம் என்று சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஒரு பக்கம் 50 சதவீதம், மறு பக்கம் 47. சாவை மட்டும் பார்த்தால்? குளிர வைத்த பக்கம் 84 குழந்தைகள். வைக்காத பக்கம் 63. அதாவது 42 சதவீதம், 31 சதவீதம்!

உயிர் காக்கும் என்று நம்பிய வைத்தியம் உயிரைக் கூடுதலாக வாங்கியிருக்கிறது. இந்த ஆராய்ச்சி நடக்காமல் இருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. அழாமல் பிறந்த குழந்தை இறந்தால் 'விதி' என்பார்கள், வீட்டிலும் சரி, வார்டிலும் சரி. குளிர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? 408 குழந்தைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தபோதுதான் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

நம்மைப் போன்ற நாடுகளில் பெரிய ஆஸ்பத்திரியில் கூட இந்த வைத்தியம் வேண்டாம் என்று ஆராய்ச்சிக் குழு எழுதியது. எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மெழுகு மெத்தையில் குளிர வைத்து ஒரு சோதனை நடந்தது. அதில் மூளைச் சேதம் குறைந்ததாக ஸ்கேன் காட்டியது. ஆனால் அது 50 குழந்தைகளை வைத்து நடந்த சின்ன சோதனை.

அடி விழுவது எப்போது?

ஒரே வைத்தியம் அங்கே பலித்து இங்கே பலிக்காதது ஏன்? ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. மேல்நாட்டில் இந்த ஆபத்து பெரும்பாலும் திடீரென்று வருகிறது. கொடி நசுங்குவது, நஞ்சு பிரிந்து விடுவது போல. உடனே ஆபரேஷன். குழந்தை பிறந்த பிறகுதான் இரண்டாவது அடி. இங்கே பல குழந்தைகள் வயிற்றுக்குள்ளேயே மணிக்கணக்கில், விட்டு விட்டுத் திணறுகின்றன. வெளியே வரும்போது இரண்டாவது அடியும் விழுந்து முடிந்து விடுகிறது. அப்புறம் குளிர வைத்து என்ன பிரயோசனம்? ஸ்கேனில் தெரிந்த சேதமும் மேல்நாட்டுக் குழந்தைகளின் சேதம் மாதிரி இல்லை.

இந்த விளக்கம் சரியென்றால் கவனிக்க வேண்டியது குழந்தை வார்டை அல்ல, பிரசவ வார்டை. வலி கண்ட தாயின் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. மெஷின் வேண்டாம், காதும் கடிகாரமும் போதும். ஆனால் பக்கத்திலேயே நிற்க ஒரு நர்சு வேண்டும். ராத்திரி 2 மணிக்கும் வேண்டும்.