காருக்கு எந்த ஆயில் நல்லது?

கார் வாங்குகிறவர்கள் கலர் பார்க்கிறார்கள். மைலேஜ் கேட்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுகிறார்கள்.

எஞ்சினுக்குள் ஊற்றுகிற எண்ணெயைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அது மெக்கானிக் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

மெக்கானிக் என்ன செய்கிறார்? கையில் எது இருக்கிறதோ அதை ஊற்றுகிறார். "இதைப் போட்டா வண்டி கல்லு மாதிரி இருக்கும் சார்" என்கிறார். கார்க்காரரும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறார்.

ஒரு சிறிய காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் எண்ணெய் பிடிக்கும். சாதாரண எண்ணெய்க்கும் உயர்ந்த ரக சிந்தெடிக் எண்ணெய்க்கும் விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆனால் தப்பான எண்ணெயால் எஞ்சின் கெட்டால் ஆகும் செலவோ அதைப்போலப் பல மடங்கு!

சிந்தெடிக் என்றால் என்ன?

பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து எடுப்பது சாதாரண எண்ணெய். அதில் உள்ள அணுக்கூட்டங்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். ரசாயன முறையில் ஒரே மாதிரியாகக் கட்டி எடுப்பது சிந்தெடிக் எண்ணெய். அது குளிரில் அதிகம் இறுகாது. சூட்டில் அதிகம் இளகாது. சீக்கிரம் கருகிக் கசடாகாது. ஜெட் விமானங்களில் முதலில் பழகிய இந்த எண்ணெய், 1970களில் கார்க் கடைக்கு வந்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. காஸ்ட்ரால் கம்பெனி, கச்சா எண்ணெயையே மிக நன்றாகப் பக்குவப்படுத்தி, அதற்கும் சிந்தெடிக் என்று பெயர் வைத்தது. மொபில் கம்பெனி இதை எதிர்த்து, அமெரிக்காவில் விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பிடம் புகார் செய்தது. 1999ல் தீர்ப்பு வந்தது. அப்படிச் சொல்லலாம், தப்பில்லை என்பதே தீர்ப்பு!

இன்று "முழு சிந்தெடிக்" என்று அச்சடித்து வரும் டின்களில் பல இந்த ரகம்தான். அது மோசடி அல்ல. அந்த எண்ணெயும் நல்ல எண்ணெய்தான். ஆனால் டின்னின் முகத்தில் உள்ள அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவதில் அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் டின்னில் எழுதியிருக்கும். இது அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த கணக்கு. 1911ல் தொடங்கியது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்து. முதல் எண், குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய எண்ணெய் குளிரில் சுலபமாக ஓடும். 15டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ எண்ணெயை 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகிறார்கள்.

"ஊட்டியில் கூட அவ்வளவு குளிர் கிடையாதே! நமக்கு எதற்கு அந்த எண்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானது. ஆனால் எஞ்சினின் கணக்கு வேறு. ஓடும் எஞ்சினில் எண்ணெய் 100 டிகிரி வரை சூடாகிறது. அதே எண்ணெய் 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். அதாவது, சென்னையில் மே மாதக் காலைகூட எண்ணெய்க்குக் குளிர்காலம்தான்! ராத்திரி முழுவதும் எண்ணெய் அடியில் வடிந்து கிடக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது மேலே ஏற வேண்டும். ஏறும்வரை இரும்போடு இரும்பு உரசும். இளகிய எண்ணெய் முந்தி ஏறுகிறது. அங்கேதான் அந்த முதல் எண் உதவி செய்கிறது.

இரண்டாவது எண், சூட்டில் எண்ணெயின் கெட்டித்தன்மை. "வெயில் ஊர், கெட்டி எண்ணெய்தான் தாங்கும்" என்பது பழைய நம்பிக்கை. வேலூரானாலும் லண்டனானாலும் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வெளியே அடிக்கும் வெயிலை மட்டும் பார்த்து எண்ணெயைத் தீர்மானிப்பது சரியல்ல.

இப்போது வரும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 கூடச் சொல்கிறார்கள். அந்த எஞ்சினின் துவாரங்கள் அதற்கேற்பச் சிறியவை. அதில் 20டபிள்யூ-40 ஊற்றினால் மைலேஜ் குறையும். எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போகும். அதுபோல, இருபது வருஷத்துக் காருக்கு 0டபிள்யூ-16 வாங்கி ஊற்றுவதும் அசட்டுத்தனம். பேத்தியின் செருப்பைப் பாட்டிக்குப் போட்டால் நடக்க முடியுமா?

புத்தகம் எங்கே?

ஒவ்வொரு காருக்கும் ஒரு புத்தகம் தருகிறார்கள். அது முன்சீட்டுப் பெட்டியில், இன்சூரன்ஸ் காகிதத்துக்கு அடியில், உறை பிரிக்காமல் தூங்குகிறது. எந்த எண்ணெய் என்பது அதிலேயே அச்சாகியிருக்கிறது. எஞ்சினைச் செய்தவனுக்குத் தெரியாதது தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமா?

எண்ணோடு எழுத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் பெட்ரோல் கார் எண்ணெய்க்குத் தரும் தர எழுத்து அது. 2020ல் எஸ்.பி. வந்தது. 2025ல் எஸ்.க்யூ. வந்தது. டர்போ வைத்த சிறிய எஞ்சின்களில் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனே உடைந்து போகலாம். எஸ்.பி. தரத்தில் அதற்கும் சோதனை வைத்திருக்கிறார்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதன் புகைக் குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. எண்ணெயில் சாம்பல் அதிகமானால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புத்தகம் சொல்லும் சாம்பல் குறைந்த எண்ணெயையே, விலை கூடினாலும் வாங்க வேண்டும். இங்கே சிக்கனம் உதவாது.

காரில் மிஞ்சிய எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அந்த எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

எப்போது மாற்றுவது?

பல கார்களுக்கு 10,000 கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. "சிந்தெடிக்தானே, இருபதாயிரம் ஓடட்டும்" என்று இழுப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய நன்மையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். புத்தகம் சொன்ன எண்ணும் எழுத்தும் உள்ள நடுத்தர விலை எண்ணெயை நேரத்தோடு மாற்றுகிறவரின் எஞ்சின், உயர்ந்த விலை எண்ணெயை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவரின் எஞ்சினைவிட நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று இரண்டு மூன்று கிலோ மீட்டர் மட்டும் ஓடும் கார்தான் எண்ணெயை அதிகம் கெடுக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடும். நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும். வருஷத்தில் 2,000 கிலோ மீட்டர்தான் ஓடியது என்றாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது அதன் வேலை.

போலி எண்ணெயும் சந்தையில் நடமாடுகிறது. மூடியின் சீல் பார்த்து வாங்க வேண்டும். ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். காலி டின்னைக் கிழித்துப் போட்டுவிட்டால் அது போலிக்காரன் கைக்குப் போகாது. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஒர்க்ஷாப்பில் சேர்த்து வைத்தால் அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

மாதம் ஒரு முறை அளவு பார்ப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் போதும். இரண்டு கோட்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் அதே ரகத்தைக் கொஞ்சம் ஊற்றலாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் எண்ணெய் நுரைத்துக்கொள்ளும்.