வேகமும் சுற்றுலாவும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 11 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். பேருந்திலோ அரை மணியில் போய்விடலாம். சுற்றுலா வளர்ந்த வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சிறு கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

பழங்காலத்தில் மக்கள் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் வாணிபத்துக்காகவும் வழிபாட்டுக்காகவும்தான். ஆடிப்பூரத் தேரைக் காணக் கட்டுச்சோற்றுடன் வண்டி பூட்டி வந்தவர்கள் அத்தகையவர்களே. பார்த்து மகிழ்வதற்காகவே பயணம் செய்வது செல்வருக்கு மட்டும் இயன்றது.

இந்நிலையை மாற்றியது நீராவி எஞ்சின். 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர், தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். பலர் சேர்ந்தால் செலவு குறையும் என்பதை அந்தப் பயணம் காட்டிற்று. நம் பகுதியில் இவ்விரு ஊர்களையும் இணைக்கும் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது.

வாகனம் மட்டும் போதுமா? ஓய்வு நாளும் கையில் சிறிது பணமும் வேண்டாமா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வுக்கும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கும் வழி செய்தது. இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி குடும்பத்துடன் குற்றாலம் போய்வர முடிந்ததற்கு, அருவியைப் போலவே அத்தகைய சட்டங்களும் காரணம்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புபவர், போவதற்கு நான்கு மணி நேரம் செலவிடலாம் என்போம். மாட்டு வண்டியில் 16 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் பேருந்தில் 160 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரலாம். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளதல்லவா? எனவே வேகம் 10 மடங்கானால், மக்கள் வந்து சேரக்கூடிய நிலப்பரப்பு 100 மடங்காகிறது! மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் இவ்வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் அவர்கள் காணவரும் இடமோ ஓர் அங்குலமும் வளர்வதில்லை.

கூட்டம் வந்தால் வியாபாரம் பெருகும் என்பர். உண்மைதான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவால் பால் கறப்பவர் முதல் கடைக்காரர் வரை பலர் பிழைக்கிறார்கள். ஆனால் பால்கோவாவை வேண்டுமளவு கூடுதலாகக் கிண்டலாம். காட்டை அவ்வாறு கிண்டி எடுக்க முடியாது.

ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பை ஒட்டிய மலைக்காட்டில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. அதற்கென 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் இக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இந்த அணில் மரத்துக்கு மரம் தாவியே இரை தேடுகிறது. வாகனம் நிறுத்தவும் கடை போடவும் சில மரங்கள் போனால், அதன் பாதையே அறுந்துபோகும்.

ஆகவே கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் எத்தனை பேர் வந்தாலும் வரவேற்போம். காட்டுக்குள் செல்வோர் தொகைக்கு மட்டும் ஓர் அளவு வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவைக் காட்டின் இயல்பறிந்தோர் கணக்கிட்டு ஊரறியச் சொல்லவேண்டும். கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது முறையன்று. அப்படிச் செய்தால் பயணம் மீண்டும் செல்வருக்கே உரியதாகிவிடும். முன்பதிவு செய்து, முறைவைத்து அனுப்புவதே நியாயம்.

எத்தனை பேர் வர முடியும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் வரலாம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.