பொய்க்கதை வாசிக்கும் பிள்ளை கெட்டுப்போகாது



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

நம்ம ஊரில் பிள்ளை பாடப்புத்தகம் தவிர வேறு எதையாவது கையில் எடுத்தாலே பலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதிலும் பறக்கும் நாகம், மந்திரக்கோல், எந்த வரைபடத்திலும் இல்லாத தேசம் என்று கதை போனால் கேட்கவே வேண்டாம். "பொய்க்கதை வாசிச்சு என்ன கிடைக்கப் போகுது சேர்?" என்று வாப்பாமார் கேட்கிறார்கள். ஆசிரியர்களிலும் சிலர் அதையே கேட்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தரம் 10இல் படிக்கும் ஒரு மாணவன் ஒரு வருடமாக, தானே உண்டாக்கிய ஒரு தீவின் கதையை சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதி வந்தான். முதல் பக்கத்தில் தீவின் வரைபடம். கடைசிப் பக்கங்களில் அந்தத் தீவு மக்கள் பேசும் மொழியின் சொற்கள், அர்த்தத்தோடு. தவணைப் பரீட்சையில் கணிதப் புள்ளி குறைந்தது. வீட்டில் அந்தக் கொப்பியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த தவணையிலும் கணிதப் புள்ளி கூடவில்லை. அவன் எழுதுவது மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பிள்ளை நல்லா வரவேண்டும் என்ற பயம்தான் அது. ஆனால் அந்தக் கொப்பியில் இருந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வரைபடம் என்றால் புவியியல். ராஜாக்களின் பரம்பரை என்றால் வரலாறு. புதுச்சொல் கட்டுவது என்றால் இலக்கணம். யாரும் அடிக்காமல், டியூஷன் காசு கட்டாமல், ஒரு பிள்ளை தானாகவே உட்கார்ந்து செய்த வேலை இது. இதை நேர விரயம் என்று சொன்னால் வேறு எதைப் படிப்பு என்று சொல்வது?

இன்று உலகமே அறிந்த 'த லோட் ஒஃப் த ரிங்ஸ்' கதையை எழுதிய டோல்கீனும் நம்மைப் போல ஓர் ஆசிரியர்தான். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படிப்பித்தவர். குடும்பச் செலவுக்காக விடுமுறையில் பரீட்சை விடைத்தாள் திருத்துவார். அப்படித் திருத்தும்போது யாரோ ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் ஒரு வரி கிறுக்கினார். அந்த ஒரு வரிதான் 1937இல் 'த ஹொபிட்' என்ற புத்தகமாக வந்தது. விடைத்தாள் திருத்தப் போகும் நம்ம ஆசிரியர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் 1916இல் முதலாம் உலகப் போரில் சொம் போர்க்களத்தில் நின்றவர். பாடசாலைக் காலத்திலிருந்து கூடவே இருந்த நண்பர்கள் இருவரை அந்தப் போரில் இழந்தார். காய்ச்சலில் விழுந்து வைத்தியசாலையில் கிடந்த நாட்களில்தான் தன் கற்பனை உலகத்தின் முதல் கதைகளை எழுதத் தொடங்கினார். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட நம்ம ஊருக்கு இது புரியாத விடயமல்ல. சில விடயங்களைப் பிள்ளைகளால் நேராகப் பேச முடியாது. கதையாகத்தான் பேச முடியும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சாமான்" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அல்ஃப் லைலாவில் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து சேர்ந்த செரண்டிப் எது? நம்ம இலங்கைதான். ஐரோப்பியர் அந்தக் கதைகளைப் பிரெஞ்சு மொழியில் வாசிக்கத் தொடங்கியது 1704இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவை அரபியில் இருந்தன. அவர்கள் நம்மிடமிருந்து எடுத்து வாசித்தார்கள். நாம் நம்ம பிள்ளையின் கையிலிருந்து பறிக்கிறோம்.

கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பையை எல்லோரும் கல்விக்காக உழைத்தவர் என்று நினைவுகூருகிறோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியவர். அவரே 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். தமிழில் வந்த முதல் நாவல்களில் அதுவும் ஒன்று. அது மாயாஜாலக் கதையல்ல, ஆனால் கண்டியில் இருந்துகொண்டு எகிப்து வரை போன கற்பனை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று போராடிய மனிதருக்குக் கதை எழுதுவது கௌரவக் குறைவாகத் தெரியவில்லை.

அடுத்தது மார்க்கம். "சூனியம் ஹராம், இந்தக் கதைகளில் சூனியம் வருகிறதே" என்று சிலர் உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். ஃபத்வா கொடுக்க நான் ஆளில்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஓர் ஆசிரியராக நான் கண்டதைச் சொல்கிறேன். கதையைக் கதை என்று தெரிந்துதான் பிள்ளை வாசிக்கிறது. நல்ல கதைகள் மந்திரத்தைப் புகழ்வதுமில்லை. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஒஃப் எர்த்சீ'யில், பெருமைக்காகத் தன் சக்தியைக் காட்டப்போன சிறுவன் ஒரு தீய நிழலைக் கட்டவிழ்த்து விடுகிறான். பிறகு அது அவனையே துரத்துகிறது. ஆணவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல கதை கிடைப்பது கஷ்டம்.

அதற்காக எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' போன்றவை பெரியவர்களுக்கானவை. அதைப் பிள்ளையின் கையில் கண்டால் வாங்கி வையுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒரு புத்தகம் சரியில்லை என்பதற்காக முழு அலுமாரியையும் பூட்டக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்ப் பாடத்தில் நாமே "ஒரு பழைய குடையின் சுயசரிதை" எழுதச் சொல்கிறோம். குடை பேசுமா? பேசாது. அப்போது அதுவும் பொய்க்கதைதானே! ஒரு பக்கம் கற்பனைக்குப் புள்ளி போடுகிறோம், மறுபக்கம் கற்பனை செய்யும் பிள்ளையைத் திட்டுகிறோம். கடைசியில் முப்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். முப்பது குடைகளும் ஒரே கடையில் வாங்கப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே குப்பையில் போய் விழுகின்றன. திருத்துகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

உலகம் இப்போது இந்த மாதிரிக் கதைகளை நம்ம பக்கத்திலிருந்தும் கேட்கிறது. இலங்கையரான வஜ்ர சந்திரசேகர எழுதி 2023இல் வந்த 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' நாவல் அமெரிக்காவின் நெபியூலா விருதை வென்றது. ஜீ. வில்லோ வில்சன் என்ற அமெரிக்க முஸ்லிம் பெண் எழுத்தாளர், ஜின்களும் கணினியும் வரும் 'அலிஃப் த அன்சீன்' நாவலுக்காக 2013இல் உலக ஃபேன்டஸி விருது பெற்றார். இரண்டும் ஆங்கிலத்தில் வந்தவை. நம்ம கடலையும் களப்பையும் மூத்தம்மாமார் சொன்ன ஜின் கதைகளையும் தமிழில் எழுதப்போவது யார்? அந்தப் பிள்ளை இப்போது நம்ம ஊரில் ஏதோ ஒரு வகுப்பில் இருக்கலாம்.

ஆகவே பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள்.

பிள்ளை எழுதும் கொப்பியைக் கிழிக்காதீர்கள். பரீட்சை நெருங்கினால் வாங்கி அலுமாரியில் வையுங்கள், முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். அதுவே பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை.

வாசிப்புக்கு நேரம் குறியுங்கள். அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் என்றால் அரை மணித்தியாலம். போனில் கழியும் நேரத்திலிருந்து அதை எடுங்கள், படிப்பு நேரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

வாரத்தில் ஒருநாள் "கதை எதுவரைக்கும் வந்திருக்கு மகன்?" என்று கேளுங்கள். பிள்ளை என்ன வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட இலேசான வழி இல்லை.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தவணைக்கு ஒரு கட்டுரையையாவது பிள்ளைகளின் சொந்தக் கற்பனைக்கு விடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவோம், கதையைத் திருத்தாமல் விடுவோம்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் நம்ம ஊர் உறவுகளே, உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த கதைப் புத்தகங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் ஊருக்கு வரும்போது கொண்டு வாருங்கள். தமிழோ ஆங்கிலமோ, பழையதோ புதியதோ, பரவாயில்லை. அட்டை கிழிந்திருந்தால் நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். பாடசாலை நூலகத்தில் அவற்றுக்கென்று ஒரு தட்டு ஒதுக்க நான் பொறுப்பு.

உங்கள் கருத்து மாறுபட்டாலும் எழுதுங்கள், பேசுவோம்.