ஊர் வாய்க்கு இரண்டு படி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வழக்கமான கூட்டம். எதிர்வீட்டு மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகும் சித்தி, லீவு நாளாச்சே என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உறை மோர் கேட்டு வந்த மலைவேலைக்காரி அக்காவும் தூணில் சாய்ந்துவிட்டாள். அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் என் மகள் செல்போனை எங்கள் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இவரு யாருன்னு தெரியுதா?"

தெரியாமல் என்ன? 2010-ல் வந்த 'பையா' படத்தில் கார்த்தியைத் துரத்திக்கொண்டு வந்த வில்லன்! நரைத்த தாடி, உருக்கி வார்த்தது போல உடம்பு. மேலே சட்டை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார் மிலிந்த் சோமன்.

"அடியாத்தி! இந்த வயசுல இப்படியா நிப்பாக? கூச்சநாச்சம் வேணாம்?" என்றாள் மதினி.

"அத்தை, அவருக்கு அறுபது வயசு! நம்ம ஊர்ல அறுபது வயசுல யாரு இப்படி இருக்கா, சொல்லுங்க" என்றாள் மகள்.

"காசு இருக்கு, ஆக்கிப் போட ஆளு இருக்கு, ஓட மாட்டாரா என்ன?" என்றார் சித்தி.

மலைவேலைக்கார அக்கா மட்டும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

சகோதரிகளே, எங்கள் திண்ணையில் மட்டுமா இந்த வழக்கு? முப்பது வருஷமாக இந்தியா முழுக்க நடக்கிறது. 1995-ல் 'மேட் இன் இந்தியா' பாட்டில் பெட்டியிலிருந்து எழுந்து வந்தவர் இவர். அதே வருஷம், உடம்பில் மலைப்பாம்பும் காலில் ஷூவும் மட்டுமாக, இன்னொரு மாடல் பெண்ணோடு ஒரு விளம்பரத்தில் நின்று, வழக்கு கோர்ட்டுக்குப் போய் 2009-ல்தான் விடுதலையானார். 2018-ல் தன்னைவிட இருபத்தைந்து வயதுக்கு மேல் இளைய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் ஊர் பேசியது.

மறுபக்கம் பாருங்கள். ஐம்பது வயதை எட்டப்போகும் நேரத்தில், 2015-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் 'அயர்ன்மேன்' போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில்! 2012-ல் பெண்களுக்கென்றே 'பிங்கத்தான்' ஓட்டத்தைத் தொடங்கினார். புடவை கட்டிய பெண்களும் அதில் ஓடினார்கள்.

ஆக, வெட்கங்கெட்டவரா, வீரரா? இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு. என் மனசு அங்கே நிற்கவில்லை. 2020 நவம்பரில் கோவாவில் நடந்ததற்குப் போனது.

தன் 55-வது பிறந்த நாளில் கடற்கரையில் உடையில்லாமல் ஓடிய படத்தை இவர் வெளியிட்டார். 'என்ன உடம்பு, என்ன கட்டு' என்று பாராட்டு குவிந்தது. அதே வாரம், அதே கோவாவில், ஓர் அணைக்கட்டில் ஆபாசமாகப் படம் எடுத்ததாக நடிகை பூனம் பாண்டே கைதானார். பிறகு ஜாமீனில் வந்தார். 'அவருக்குக் கைதட்டல், இவளுக்குக் கைதா?' என்று பலரும் கேட்டார்கள். அடுத்து இவர்மீதும் வழக்குப் பதிவானது. இருவர் செய்ததும் சரியா தப்பா என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஊர் வாய் ஆணுக்கு ஒரு படி, பெண்ணுக்கு ஒரு படி வைத்து அளக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு இது எங்கே வலிக்கிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. "தினம் அரைமணி நேரம் நடங்க" என்றார் டாக்டரம்மா. கேன்வாஸ் ஷூ வாங்கினேன். புடவையை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு, விடிய ஐந்தரை மணிக்குக் குரங்கணி ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். மலையிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு மனசே லேசாகிவிடும்.

ஒன்பதே நாள்! டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எந்தப் பஸ்ஸப் பிடிக்க இந்த ஓட்டம்?" சொந்தக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "வீட்ல ஏதும் சண்டையா மாப்ளே? தங்கச்சி வெள்ளன ரோட்டுல போகுதே" என்று விசாரித்தார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது போதாதா? பத்தாம் நாள் ஷூ பரணுக்குப் போனது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறி, மாத்திரையும் கூடியது.

ஊர் பேசியது இரண்டு நாள். மாத்திரையை விழுங்குவது தினமும் நான்.

இதில் நான் மட்டும் யோக்கியமா? எங்கள் தெருப் பெண்ணொருத்தி பேன்ட் போட்டுக்கொண்டு ஓடியபோது, "இவளுக்கு இது தேவையா?" என்று இதே திண்ணையில் சொன்னவள் நான். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊரே அழுதது. அழுதுகொண்டே, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த மலையேத்தம்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆண்களும்தான் அந்தத் தீயில் போனார்கள். அவர்களைப் பற்றி அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்று நினைத்தால் நாக்கு சுடுகிறது.

மகள் அடுத்து இன்னொரு படம் காட்டினாள். மிலிந்தின் அம்மா உஷா சோமன். எண்பது வயதில், புடவையோடு, மகனுக்குப் பக்கத்தில் தண்டால் எடுக்கிறார்! 2016-ல் மகன் அகமதாபாத்திலிருந்து மும்பை வரை ஓடியபோது, அந்த அம்மாவும் புடவையில் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடினாராம். திண்ணை கப்சிப்!

"சேலை ஒரு தடை இல்லங்கிறாக அந்தம்மா" என்றார் சித்தி, நீட்டிய காலை மடக்கிக்கொண்டு.

ஆனால் சகோதரிகளே, படத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கே தண்டாலில் இறங்கிவிடாதீர்கள். மிலிந்த் சின்ன வயதிலேயே தேசிய அளவில் நீந்தியவர். அவர் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. எடுக்க வேண்டியதை எடுத்து, விட வேண்டியதை விடுவோம்.

வெறுங்கால் ஓட்டத்தைச் சர்க்கரை உள்ளவர்கள் விட்டேவிடுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகிவிடும். மூடிய செருப்போ ஷூவோ போட்டு நடந்து, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் முந்தானையில் கொஞ்சம் கல்கண்டு முடிந்துகொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் உட்கார்ந்து வாயில் போடுங்கள். நெஞ்சு வலித்தால் அதோடு நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.

வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷ நடை போதும். அதாவது தினம் அரைமணி, ஐந்து நாள். முதலில் பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள். சித்தியைப் போல ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடந்தாலே முதுகும் முழங்காலும் வாழ்த்தும்.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோதுதான் மலைவேலைக்கார அக்கா வாய் திறந்தாள்.

"நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, ஜீப்புல நெருக்கியடிச்சு மெட்டு ஏறி, நாள் பூரா செடித் தூர்ல குனிஞ்சு காய் எடுத்துட்டு, இருட்டுல வந்து மறுபடி அடுப்பு. எனக்கு எதுக்குத் தாயி ஓட்டம்? ஒரு நாளு நிம்மதியாப் படுத்து எந்திரிச்சாப் போதும்."

யாருக்கும் பதில் வரவில்லை. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு தரையாகக் காய்க்கிறது. குனியாமல் எடுக்க முடியாது. அவளுக்கு உடற்பயிற்சி சொல்ல எந்தப் பிரபலத்துக்கும் வாய் கிடையாது. அவளுக்கு வேண்டியது வயிறார ஒரு வேளைச் சோறு, ராத்திரி முதுகை நீட்டிப் படுக்க ஒரு மணி நேரம் கூடுதல், அந்த நேரத்தில் பாத்திரம் கழுவ வீட்டு ஆண்பிள்ளையின் இரண்டு கை. ஓடுவதைப் போலவே ஓய்வும் ஆரோக்கியம்தான்.

மறுநாள் விடியற்காலை பரணிலிருந்து ஷூவை இறக்கினேன். ஒரு கயிற்றை எலி கடித்திருந்தது. பாவாடை நாடாவைக் கோத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அங்கே மதினி நிற்கிறாள்!

டீக்கடைப் பக்கம் போனதும் அதே குரல்: "எங்க இம்புட்டு வேகமா?"

மதினி நின்று திரும்பினாள். "பையா வில்லனப் பிடிக்கப் போறோம். நீரும் வாரீரா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நாங்களும் சிரித்துக்கொண்டே நடந்தோம். எதிரே அந்தப் பேன்ட் போட்ட பெண் ஓடிவந்தாள். இந்த முறை நான்தான் முதலில் கையை ஆட்டினேன்.

இன்றோடு ஆறு நாள். ஒன்பதைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் அயர்ன்மேன் போட்டி. உங்கள் ஊர் வாய் உங்களை எதிலிருந்து நிறுத்தியது? எழுதுங்கள், சகோதரிகளே.